எம் தீவைத் தேர்ந்த விஞ்ஞானி

எமது கல்லூரியின் நூற்றாண்டில், எம் நாட்டைத் தம் நாடாக்கிக்கொண்ட ஒரு விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளரை நினைவுகூருகிறோம்.

1917இல் இங்கிலாந்தில் பிறந்த ஆதர் சி. கிளார்க், பல்கலைக்கழகம் செல்லப் பண வசதியின்றி இளமையிலேயே அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையின் ராடார் பிரிவில் பணியாற்றினார். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதிகளை நிறுத்தினால், அவை பூமியோடு ஒத்துச் சுழன்று உலகெங்கும் செய்திகளை அஞ்சல் செய்யும் என 1945இல் கட்டுரை எழுதினார். அத்தகைய முதற் செய்மதி 1964இல் ஏவப்பட்டது. போரின் பின்னரே லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பௌதிகமும் கணிதமும் கற்று முதல் வகுப்பில் சித்தியெய்தினார்.

1956இல் இலங்கையில் குடியேறினார். நண்பர் மைக் வில்சனுடன் திருகோணமலைக் கடலில் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் ஆலயத்தின் சிதைவுகளைக் கண்டு நூலில் எழுதினார். 1979இல் வெளிவந்த அவரது நாவலில், விண்வெளிக்கு ஏறும் மின்தூக்கி இலங்கையை ஒத்த ஒரு தீவிலிருந்தே எழுகிறது. பிற்காலத்தில் சக்கர நாற்காலியில் இருந்தபோதும் இங்கேயே வாழ்ந்தார்.

2007 டிசெம்பரில், தமது 90ஆவது பிறந்தநாளில் மூன்று விருப்பங்களை வெளியிட்டார். அவற்றுள் ஒன்று, இலங்கையில் நிலையான சமாதானம். 2008 மார்ச் 19இல் கொழும்பில் காலமானபோது யுத்தம் ஓய்ந்திருக்கவில்லை.

எங்கோ பிறந்த அவர் இங்கே தங்கினார். இங்கே பிறந்த எம்மில் பலர் எங்கெங்கோ போனோம். எங்கிருந்தாலும், அவரது அந்த விருப்பம் எமதும்தான்.