வழங்கிச் சட்டக மின்னழுத்தம்

வழங்கிச் சட்டக மின்னழுத்தம் என்பது, வழங்கிக் கணினிகள் (சர்வர்) அடுக்கப்படும் சட்டகத்திற்கு (ரேக்) அளிக்கப்படும் மின்சாரத்தின் அழுத்தத்தைக் குறிக்கும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளில் இது ஒருமுனை இணைப்பில் சுமார் 230 வோல்ட்டும், மும்முனை இணைப்பில் முனைகளுக்கிடையே சுமார் 400 வோல்ட்டும் ஆகும். அமெரிக்காவில் 120, 208 வோல்ட்டுகள் வழக்கிலுள்ளன.

அழுத்தமும் இழப்பும்

ஒரே திறனுக்கு அழுத்தம் இருமடங்கானால் மின்னோட்டம் பாதியாகும். அதே கம்பியில் வெப்ப இழப்பு கால் பங்காகும். தற்கால வழங்கிகளின் மின்வழங்கல் அலகுகள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாமே ஏற்பவை. பழைய கருவிகள் சிலவற்றில் 115/230 தெரிவு ஆளி உண்டு. அது 115இல் இருக்கும்போது 230 வோல்ட்டில் இணைத்தால் கருவி பழுதாகும்.

ஒருமுனையா, மும்முனையா?

இந்தியாவில் தெரிவு பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையிலேயே அமைகிறது. தென்காசி மாவட்டத்தின் கீழப்பாவூர் போன்ற பேரூராட்சியில், ஓர் அலுவலகம் தலா 400 வாட் எடுக்கும் 5 வழங்கிகளை வைப்பதாகக் கொண்டால், மொத்தச் சுமை 2 கிலோவாட். மின்னோட்டம் ஏறத்தாழ 9 ஆம்பியர். இதற்கு 16 ஆம்பியர் ஒருமுனைச் சுற்று போதுமானது. 32 ஆம்பியர் ஒருமுனைச் சுற்றின் உச்ச அளவு சுமார் 7.4 கிலோவாட், அதே மின்னோட்டத்தில் மும்முனைச் சுற்று சுமார் 22 கிலோவாட் தரும். தொடர் சுமையை இவ்வளவுகளுக்குக் கீழேயே வைப்பது வழக்கம்.

மும்முனையிலும் ஒவ்வொரு வழங்கியும் பொதுவாக ஒரு முனைக்கும் நடுநிலைக் கம்பிக்கும் (நியூட்ரல்) இடையே இணைக்கப்பட்டு 230 வோல்ட்டையே பெறுகிறது. எனவே சுமையை மூன்று முனைகளுக்கும் சமமாகப் பகிர்தல் வேண்டும்.

பாதுகாப்பு

நடுநிலைக் கம்பி அறுந்தால், சுமை குறைந்த முனையில் அழுத்தம் 230 வோல்ட்டை வெகுவாகத் தாண்டி 400 வோல்ட்டை நெருங்கக்கூடும், கருவிகள் எரியலாம். மிகையழுத்தத் துண்டிப்பான் இதனைத் தடுக்க உதவும்.

முதன்மையான வழங்கிகளுக்கு இரு தனி மின்வழிகள் அளிக்கப்படுகின்றன. 32 ஆம்பியர் வழிகள் இரண்டிலும் 20 ஆம்பியர் ஓடினால், ஒன்று நின்றவுடன் மற்றது 40 ஆம்பியரைச் சுமக்க நேரிடும். அப்போது அதன் சுற்று முறிப்பானும் துண்டித்து, சட்டகம் முழுவதும் நின்றுவிடக்கூடும். ஆகவே இரு வழிகளின் மொத்தச் சுமை ஒரு வழியின் கொள்ளளவைத் தாண்டலாகாது. தடையிலா மின்வழங்கி (யூபிஎஸ்), மின்னாக்கி ஆகியவற்றின் திறனும் இம்மொத்தச் சுமைக்கு ஏற்ப இருத்தல் வேண்டும்.

நேர்மின்னோட்ட முறை

தொலைபேசி இணைப்பகங்களில் 48 வோல்ட் நேர்மின்னோட்டம் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. கூகுள் நிறுவனம் 2016ஆம் ஆண்டில் 48 வோல்ட் சட்டக வடிவமைப்பை அறிவித்தது.