சுப்பாராவின் மருந்தும் ஈஸ்டின் சாட்சியமும்

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயிலுங்காலத்துக் கதராடை பூண்டமையால் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்தினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே பெற்று வெளியேறிய எல்லாப்பிரகட சுப்பாராவ், உடன்பிறந்தோர் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்குப் பறிகொடுத்து, தாமும் அந்நோயால் மெலிந்து, டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேதச் சிகிச்சையால் உயிர் மீண்டவர். பின்னர் அமெரிக்காவில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் உழைத்த குழுவினர் 1945-இல் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். ஸ்ப்ரூவின் இரத்தசோகைக்கு அதுவே ஔஷதமாயிற்று. அவர் நெஞ்சில் ஆறாதிருந்த துக்கத்தின் பலன் என்றே இதனை நான் கொள்கிறேன்.

போலிக் அமிலத்தை ஒத்த உருவினதாய், அதன் காரியத்தைத் தடுப்பதான அமினோப்டெரினும் அக்கூடத்திலேயே பிறந்தது. பாஸ்டனில் சிட்னி பார்பர் 1947-இல் அதனை இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அளிக்க, 10 பேருக்குத் தற்காலிகமாகவேனும் நோய் தணிந்தது. மறுவருஷம் ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார்.

அம்மருந்து செய்வது யாது? டி.என்.ஏ. இழையில் அமரும் அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின் என்னும் நான்கு காரங்களுள் தைமின் போலிக் அமிலத் தடையால் விரைவில் வற்றுகிறது. வற்றியதும் உயிரணு அவ்விடத்தில் யுராசிலை அமர்த்துகிறது. பிழை திருத்தும் நொதி அதனை வெட்டியெடுக்க, நிரப்பத் தைமின் இன்மையால் மீண்டும் யுராசிலே அமர, மீண்டும் அது வெட்டப்பட, இறுதியில் இழையே அறுந்துபோகிறது.

இத்தகைய பஞ்சத்தின் விளைவுக்குச் சாட்சி சொன்னது, ஆப்பமாவு பொங்கச் சேர்க்கும் கள்ளிலும் வாழ்கின்ற ஈஸ்ட். டொரான்டோ யார்க் பல்கலைக்கழகத்து ராபர்ட் ஹெய்ன்ஸும் சகாக்களும் போலிக் அமில எதிர்ப்பு மருந்துகளால் ஈஸ்டைத் தைமினின்றி வாடவிட்டபோது, நிறப்புரிகளின் பகுதிகள் ஒன்றோடொன்று மாறிப் பிணைவது பெருகிற்று என்று 1980-இல் அறிவித்தனர். குறைவே அன்றி மிகுதியும் தீங்கே. ஸ்வீடனின் உமேயோ பல்கலைக்கழகத்தார் இக்காரங்களின் மூலப்பொருளை ஆக்கும் நொதியில் ஒரேயோர் அமினோ அமிலத்தை மாற்றியபோது சைட்டோசினுக்கும் தைமினுக்கும் உரிய பொருள்கள் மிகுந்து, எழுத்துப் பிழைகள் பெருகின. ஆயினும் உயிரணுவின் காவல் ஏற்பாடு அதனை உணரவேயில்லை என்று 2010-இல் கண்டனர். ஓசையின்றி நேரும் இந்தக் கேடே பஞ்சத்தினும் அஞ்சத்தக்கது.

அமினோப்டெரினின் உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் இரத்தப் புற்றுநோய்க்கும், சிறிய அளவில் மூட்டுவாதத்திற்கும் அளிக்கப்படுகிறது. மூட்டுவாத நோயாளிக்கு மருத்துவர் போலிக் அமில மாத்திரையையும் உடன் எழுதிக் கொடுப்பது அம்மருந்தின் கேடு குறைவதற்காகவே.