வயலில் கிடைத்த ரிவால்வர்

பழைய துப்பாக்கி ஒன்று கைக்கு வந்து சேர்ந்தால், அதைப் புதுப்பிப்பதா, இருக்கிறபடியே விட்டுவிடுவதா என்ற கேள்வி அடுத்த கணமே எழுந்துவிடுகிறது. உருளை சுழலவில்லை, விசை இறுகிப்போயிருக்கிறது, உடலெங்கும் துரு. தேய்த்து மெருகேற்றினால் கண்ணுக்கு நன்றாகத்தானே இருக்கும் என்று மனம் சொல்லும். இலக்கிய வாசகர்களாகிய நமக்கு ஆயுதங்களில் தனி ஈடுபாடு ஏதுமில்லை. ஆயினும் இரண்டு ரிவால்வர்கள் நம் எல்லைக்குள் வந்து கிடக்கின்றன. ஒன்று, ஒரு கவிஞர் இன்னொரு கவிஞரைச் சுட்டது. மற்றொன்று, ஓர் ஓவியரின் உயிரைக் குடித்ததாக நம்பப்படுவது. இரண்டும் ஒரே வகை. இரண்டும் 7 மி.மீ. லெஃபோஷே. ஒன்று ஏறக்குறைய முழுமையாக இருக்கிறது, மற்றது துருவின் உருவம். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், புதுப்பித்தல் பற்றிய கேள்விக்குக் கடைக்காரர்கள் சொல்லும் விடையைவிடச் சற்று ஆழமான விடை கிடைக்கும் என்று தோன்றுகிறது.

லெஃபோஷே என்பது பிரெஞ்சுத் துப்பாக்கித் தொழிலாளர் குடும்பமொன்றின் பெயர். தந்தை காசிமிர், 1830களில் பாரிஸில், குழலின் பின்புறமாகத் தோட்டாவைச் செருகும் துப்பாக்கியை உருவாக்கினார். மகன் யூஜின் 1854-இல் அந்தத் தோட்டா முறையை ரிவால்வருக்குக் கொண்டுவந்தார். 1858-இல் பிரெஞ்சுக் கடற்படை 12 மி.மீ. அளவுள்ள லெஃபோஷேயை ஏற்றுக்கொண்டது. இதன் தோட்டா விசித்திரமானது. அடிப்பக்கத்தில், பக்கவாட்டில், குண்டூசி போன்ற சிறு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். விசையை இழுத்தால் சுத்தி மேலிருந்து அந்த ஊசியின் தலையில் அடிக்கும். ஊசி உள்ளிறங்கி வெடிப்பொட்டைத் தாக்கும். ஊசி உட்காருவதற்காக உருளையின் விளிம்பில் சிறு வெட்டுகள் இருக்கும். எத்தனை துருவேறினாலும் இந்த வெட்டுகளைக் கொண்டு இன்ன வகை என்று சொல்லிவிடலாம். பெரியவை படைக்குப் போயின. 7 மி.மீ. அளவுள்ளவை சட்டைப்பையில் வைத்துக்கொள்ளத்தக்க மலிவான பொருள்களாகக் கடைகளில் விற்றன. பெல்ஜியத்தின் லியேஜ் நகரப் பட்டறைகள் இம்முறையிலான துப்பாக்கிகளைப் பெருமளவில் செய்து தள்ளின.

அப்படியொன்றைத்தான் 1873 ஜூலை 10 அன்று காலையில் பால் வெர்லேன் ப்ரஸ்ஸல்ஸில் மோன்டினி என்னும் துப்பாக்கிக் கடையில் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 29. அன்று பிற்பகலே, விடுதியறையில், தம்மை விட்டுப் பிரிந்து பாரிஸ் போகப் புறப்பட்ட ஆர்தர் ரேம்போவை நோக்கி இருமுறை சுட்டார். ஒரு குண்டு 18 வயது ரேம்போவின் இடது மணிக்கட்டில் பாய்ந்தது, மற்றது தவறிவிட்டது. மாலையில் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் வெர்லேன் மறுபடி சட்டைப்பையில் கைவிட, அஞ்சிப்போன ரேம்போ காவலரை அழைத்தார். வெர்லேனுக்கு இரண்டாண்டுச் சிறை. அவ்வாண்டு அக்டோபரில் ரேம்போவின் 'நரகத்தில் ஒரு பருவம்' அச்சேறியது. துப்பாக்கி கடைக்கே திரும்பி, நூறாண்டுக்கும் மேலாக அங்கே கிடந்தது. கடை மூடப்பட்ட பின் ஒரு தனியாரிடம் போயிற்று. 2016 நவம்பர் 30 அன்று பாரிஸில் கிறிஸ்டீஸ் நிறுவனத்தார் அதை ஏலமிட்டபோது 4,34,500 யூரோவுக்குப் போனது. அவர்கள் மதிப்பிட்டிருந்தது ஐம்பதாயிரம், அறுபதாயிரம்தான்.

இந்த விலைக்குக் காரணம் துப்பாக்கியின் அழகல்ல. அது இந்தத் துப்பாக்கிதான் என்று காட்ட இரும்பிலேயே வரிசை எண் இருந்தது. அது எவர் கையிலிருந்து எவர் கைக்குப் போனது என்ற தொடர்ச்சியும் அறுபடாமல் இருந்தது. இடையில் யாரோ ஓர் அக்கறையுள்ள ஆள் அதை எடுத்துச் சக்கரத்தில் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வரிசை எண்ணும், லியேஜ் துப்பாக்கிகளில் காணும் சோதனை முத்திரையும், கடைப்பெயரும் மிக மெல்லிய பொறிப்புகள். மெருகேற்றும் சக்கரம் முதலில் தின்பது அவற்றைத்தான். மூலைகள் மழுங்கும், திருகாணித் துளைகளின் ஓரம் கிண்ணம்போல் குழியும். அதன்மேல் புதிதாகக் கருநீலப் படலம் ஏற்றினால் சுவரில் மாட்டத்தக்க ஒரு நல்ல பொருள் கிடைக்கும். எவருடையது என்று கேட்டால் அதனால் பதில் சொல்ல முடியாது. (அந்தக் கருநீலப் படலமும் இரும்பின் ஆக்சைடுதான். கட்டுப்பாட்டுக்குள் வைத்த துருவை அழகு என்கிறோம், கட்டுக்கடங்காத துருவைச் சிதைவு என்கிறோம்!)

இனி இரண்டாவது ரிவால்வர். 1890 ஜூலை 27 அன்று மாலை, பாரிஸுக்கு வடக்கேயுள்ள ஒவேர் என்னும் ஊரில், வின்சென்ட் வான்கோ குண்டடிபட்ட உடலுடன் தாம் தங்கியிருந்த ராவூ விடுதிக்கு நடந்தே திரும்பினார். குண்டு உடலைத் துளைத்து வெளியேறவில்லை. மருத்துவர்கள் அதை எடுக்கவும் இல்லை. இரண்டு நாள் கழித்து, 29-ஆம் தேதி அதிகாலையில், 37-ஆம் வயதில் இறந்தார். சுட்ட ஆயுதம் அப்போது கிடைக்கவில்லை. 1960களில் ஒவேரில் உழவர் ஒருவர் தம் வயலில் துருப்பிடித்த ரிவால்வர் ஒன்றைக் கண்டெடுத்து விடுதிக்காரரிடம் கொடுத்தார் என்கிறார்கள். அது 7 மி.மீ. லெஃபோஷே. 2016-இல் ஆம்ஸ்டர்டாமின் வான்கோ அருங்காட்சியகம் ஓவியரின் நோயைப் பற்றிய கண்காட்சியில் அதை வைத்தது. 2019 ஜூன் 19 அன்று பாரிஸின் துருவோ ஏலக்கூடத்தில் 1,62,500 யூரோவுக்கு விற்கப்பட்டது. நாற்பதாயிரம் முதல் அறுபதாயிரம் வரை போகும் என்பது மதிப்பீடு.

இது வான்கோவின் துப்பாக்கிதான் என்று உறுதியாகச் சொல்ல எவராலும் முடியாது, ஏலமிட்டவர்களும் சொல்லவில்லை. சான்றுகள் எல்லாம் சுற்றுச்சான்றுகளே. கிடைத்த இடம் பொருந்துகிறது. குண்டின் அளவு பொருந்துகிறது. வலுக்குறைந்த சிறு துப்பாக்கி என்பதால், சுடப்பட்டவர் உடனே இறக்காமல் நடந்து வந்ததும் பொருந்துகிறது. இவற்றோடு நான்காவதாக ஒன்று உண்டு. அதுதான் துரு. சுடப்பட்ட காலத்தோடு ஒத்துப்போகும் அளவுக்கு அது நெடுநாள் மண்ணுக்குள் கிடந்திருக்கிறது என்று சோதனை காட்டியதாகச் சொன்னார்கள். எதிர்ப்பும் இருந்தது. ராவூ விடுதியைப் பேணிவரும் வான்கோ நிறுவனத்தார், இதற்கும் ஓவியரின் சாவுக்கும் தொடர்பிருப்பதாக நிறுவப்படவில்லை என்று கூறி விற்பனையையே கண்டித்தனர். இதற்கெல்லாம் முன்பே, 2011-இல், ஸ்டீவன் நைஃபே, கிரிகரி ஒயிட் ஸ்மித் இருவரும் எழுதிய வாழ்க்கை வரலாறு, வான்கோ தம்மைத்தாமே சுட்டுக்கொள்ளவில்லை, அவ்வூருக்கு விடுமுறைக்கு வந்திருந்த ஒரு பையனின் கையில் இருந்த துப்பாக்கி தவறி வெடித்திருக்கலாம் என்று வாதிட்டது. 2013-இல் அருங்காட்சியக ஆய்வாளர்கள் அதை மறுத்தனர். அந்த வழக்குக்கு நாம் இங்கே தீர்ப்பு எழுதப் போவதில்லை. தற்கொலை என்ற பழைய கூற்றே வலுவானது என்பது நம் எண்ணம். ஆனால் இத்தனை பேரும் இத்தனை வாதங்களும் மோதிக்கொள்ளும் இடத்தில், பேச்சற்ற சாட்சியாக இருப்பது இந்த இரும்புத்துண்டு ஒன்றுதான்.

இப்போது கேள்விக்கு வருவோம். இதைப் புதுப்பிக்கலாமா?

இரும்பு மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்தால் நடப்பதை அகழாய்வுப் பொருள்களைப் பேணுவோர் நன்கறிவர். ஈரமும் உப்பும் சேர்ந்து மேற்பரப்பை அரிக்கின்றன. உலோகம் துருவாக மாறி, அந்தத் துரு சுற்றியுள்ள மண்ணையும் பிடித்துக்கொண்டு கெட்டிப்படுகிறது. இதில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. பொருளின் பழைய மேற்பரப்பு, அதாவது செய்தவன் அரத்தால் தேய்த்து முடித்த அந்தப் பரப்பு, இப்போது உலோகத்தில் இல்லை. துருப்படலத்தின் உள்ளே ஓர் அடுக்காக நிற்கிறது. உள்ளே எஞ்சிய உலோகம் அதைவிடச் சிறியது, குழிகள் நிறைந்தது. எனவே 'துருவை நீக்கி உள்ளே இருக்கும் துப்பாக்கியை வெளிக்கொணர்வோம்' என்ற பேச்சுக்கு இங்கே பொருளே இல்லை. துருதான் துப்பாக்கி. அமிலத்தில் ஊறவைத்தோ மின்னாற்பகுப்புச் செய்தோ துருவை முழுக்க உரித்தால் மிஞ்சுவது, அதே அளவில் எவரும் அடையாளம் காணமுடியாத ஒரு கரும்பழுப்பு எலும்பு. உருளையின் வெட்டுகள்கூட நிற்குமா என்பது ஐயம்.

அப்படியென்றால் எதுவுமே செய்யக்கூடாதா என்றால், அதுவும் தவறு. மண்ணின் குளோரைடு உப்புகள் துருவுக்கடியில் தங்கிவிடும். வெளியே எடுத்து மேசைமேல் வைத்த பிறகும், காற்றின் ஈரத்தை உறிஞ்சி அவை இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். ஆரஞ்சு நிறத்தில் புதுத் துருப்பொடி உதிர்வதும், செதில் செதிலாகப் பெயர்வதும் அதன் அடையாளம். காரக் கரைசலில் மாதக்கணக்கில் வைத்து உப்பை வெளியேற்றலாம். டானிக் அமிலம் பூசி இரும்பின் மேற்பரப்பை நிலைப்படுத்தலாம். மெழுகால் மூடி வறண்ட பெட்டியில் வைக்கலாம். இதற்குப் பெயர் பேணுதல். புதுப்பித்தல் அன்று. பேணுதல் இன்றைய நிலையை நிறுத்திவைக்கிறது. புதுப்பித்தல் ஒரு நாளுக்குத் திரும்பிப் போக முயல்கிறது. இந்தப் பொருளோ, கடையில் விற்ற நாளுக்காக அன்று, மண்ணில் கிடந்த எழுபது ஆண்டுகளுக்காக மதிக்கப்படுவது.

பழைய நூல்களைப் பதிப்பிப்போருக்கு இந்த வேறுபாடு புதிதன்று. புறநானூற்றில் 267, 268 ஆகிய இரு பாடல்கள் கிடைக்கவில்லை. அந்த எண்களை வெற்றிடமாகவே விட்டிருக்கிறார்கள். பின்வரும் பாடல்களை முன்னே நகர்த்தி எண்ணிக்கையைச் சரிக்கட்டவோ, பொருத்தமாக இரண்டை எழுதிச் சேர்க்கவோ பதிப்பாளர் முனையவில்லை. சிதைந்த அடிகளில் புள்ளிகள் நிற்கின்றன.

அமெரிக்காவிலும் ஒரு சான்று உண்டு. 2014 நவம்பரில் நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், ஒரு ஜூனிப்பர் மரத்தில் சாய்த்து வைத்தபடி 1873 வகை வின்செஸ்டர் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. செய்யப்பட்டது 1882-இல். மரப்பகுதி வெளுத்து வெடித்து, அடிப்பக்கம் மண்ணில் புதைந்திருந்தது. வயோமிங்கின் கோடி நகர அருங்காட்சியகத்தில் அதைப் பேணியவர்கள் உதிரும் மரத்தை மட்டும் பசையிட்டு நிறுத்தினர். வெளுப்பையும் வெடிப்பையும் தொடவில்லை. அதே வகைத் துப்பாக்கிகள் ஏராளம் உள்ளன. மரத்தில் சாய்ந்து நின்று மழையும் வெயிலும் குடித்தது இது ஒன்றுதான்.

எல்லாப் பழந்துப்பாக்கிக்கும் இந்த மரியாதை வேண்டியதில்லை. கதையேதும் இல்லாத ஒரு சாதாரண லெஃபோஷே, முன்னரே யாரோ தேய்த்துக் கெடுத்தது, முத்திரைகள் போய்விட்டது என்றால், திறமையான கைவினைஞர் ஒருவர் பழைய முறைப்படியே அதைச் சீர்செய்வதில் இழப்பில்லை. அமெரிக்காவில் டக் டர்ன்புல் போன்றோர் எலும்புக்கரியில் இட்டுச் சூடேற்றும் பழைய முறையில் கோல்ட் ரிவால்வர்களுக்குப் பழைய வண்ணச் சாயலைத் திரும்பக் கொண்டுவருவது உயர்ந்த கலையே. அங்கும் கூலி பெரும்பாலும் பொருளின் விலையை மிஞ்சிவிடும் என்பதைச் சேகரிப்பாளர் மறக்கலாகாது. பாட்டனார் வைத்திருந்தது என்ற ஒரே காரணத்துக்காகச் செலவழிப்பவர்கள் உண்டு; அவர்களோடு நமக்கு வழக்கில்லை. ஆனால் முதலில் அவர்கள் பூதக்கண்ணாடி வைத்து முத்திரைகளைப் படிக்கவேண்டும், எண்ணைக் குறித்துக்கொள்ளவேண்டும், எல்லாப் பக்கமும் படமெடுக்கவேண்டும். உள்ளே தோட்டா தங்கியிருக்கிறதா என்று அறிந்தவரைக் கொண்டு பார்க்கவும் வேண்டும். அரத்தைக் கையிலெடுப்பது அதற்குப் பின்புதான்.

ஒவேர் ரிவால்வரை ஏலத்தில் எடுத்தவர் தம் பெயரை வெளியிடவில்லை. அவர் செய்யவேண்டியது ஈரமற்ற ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஈரப்பதம் காட்டும் சிறு கருவி, ஆண்டுக்கொருமுறை ஆரஞ்சுப் பொடி உதிர்ந்திருக்கிறதா என்ற பார்வை, அவ்வளவே.