ஊரி குளறுகிறது

மட்டக்களப்பை ‘மீன்பாடும் தேன்நாடு’ என்று அழைக்காத மேடைப் பேச்சாளரைக் கிழக்கில் காண்பது அரிது. இங்கே திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய அன்புவழிபுரத்திலும் பிள்ளைகள் முதலில் கேட்பது அதைத்தான்: “சேர், மீன் மெய்யாகவே பாடுமா?”

வாவிக்காரர் சொன்னது வேறு. பிரித்தானிய ஆட்சியில் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தபோது அங்குள்ள மீனவரை அழைத்து விசாரித்தார். தங்கள் தகப்பன்மார் காலந்தொட்டே அறிந்த ஓசை இது என்றனர் அவர்கள். கோடையில் மட்டுமே கேட்கும், மழைவெள்ளம் வாவியில் இறங்கியதும் நின்றுவிடும், எழுப்புவது மீனல்ல, ஒருவகை ஊரி என்றும் கூறினர். நிலவு எழுந்தபின் டெனன்ட் அவர்களோடு தோணியில் சென்றார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தாற் போன்ற மெல்லிய அதிர்வுகள் நீரடியிலிருந்து வந்தன. ஒரே நீண்ட சுரமல்ல, தனித்தனியே தெளிந்த எண்ணற்ற சிற்றொலிகள். தோணியின் மரத்தில் காதை வைத்ததும் ஓசை பெருகியது.

1859இல் வெளிவந்த தம் இலங்கை நூலில் அவர் அந்த ஊரியின் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் பதிந்தார். ‘ஊரி கூலீரூ கிராடூ’ என்பது போல வாசிக்கத்தக்க கோலத்தில் அது இருக்கிறது. ஓசையைப் போலி செய்து பிறந்த பெயர் என அவர் கருதினார். கிழக்கிலங்கையாருக்கு இதில் புதிரே இல்லை. “பிள்ளை குளறுது” என்று நாளும் சொல்கிறோமே, அதே சொல்தான். ஊரி குளறுகிறது, அதாவது அழுகிறது. மீனவர் சொன்ன முழுத் தமிழ் வாக்கியம் ஒன்று, பொருள் பிரியாமல், பெயராக நூலேறிவிட்டது.

அழுத ஊரி பாடும் மீனானது எவ்வாறு? ஊரின் பெருமைக்கு அழுகையை விடப் பாட்டுப் பொருத்தமானது, சுண்ணாம்பு சுடும் ஊரியை விட மீன் அழகானது. காரைதீவு தந்த சுவாமி விபுலானந்தர், 1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் இருந்தவர், 1947இல் வெளியான ‘யாழ் நூ’லில் இவ்வோசையை நீரரமகளிரின் இசையாக்கினார். இன்று மட்டுநகர்ச் சிலைகளில் நிற்பவளும் கடற்கன்னியே. மீனவரின் ஊரிக்குச் சிலை இல்லை.

கடற்கன்னிக்கு வேறு வரலாறு உண்டு. 1560இல் மன்னாருக்கு அருகே கடல்மாந்தர் எழுவர் வலையில் அகப்பட்டதாக யேசு சபையாரின் பழைய குறிப்பு ஒன்றை டெனன்டே எடுத்துக்காட்டுகிறார். கோவாவின் வைத்தியர் ஒருவர் அவற்றை அறுத்துச் சோதித்து, மனிதரை ஒத்தவை என்றாராம். அவை ஆவுளியா என்னும் கடற்பசுக்களாகவே இருந்திருக்க வேண்டும். அவற்றின் முலைகள் முன்துடுப்புகளின் அடியில், மார்புப் பக்கமாக அமைந்தவை. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குப் பெண்ணுருத் தோன்றியதில் வியப்பில்லை. இறைச்சிக்காக வேட்டையாடியும் வலையில் சிக்கவைத்தும் நாம் அவற்றை அருகச் செய்துவிட்டோம். எதிர்க்கரையில் தமிழ்நாடு 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரை அவற்றுக்கென ஒதுக்கியது.

வாவியின் உயிர் எது என்பது இன்னமும் ஐயமற நிறுவப்படவில்லை. 1950களில் லாங் என்ற அமெரிக்க யேசு சபைத் துறவி கல்லடிப் பாலத்தருகே அவ்வோசையைப் பதிவுசெய்தார். இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. காற்றுப்பையைத் தசையால் அதிரச்செய்து ஒலிக்கும் மீன்கள் உலகெங்கும் உள்ளன, கெளுத்தி முள்ளை உரசியே சத்தமிடும். ஆகவே மீன்கட்சி பொய்க்கட்சி அல்ல. எனினும் காலம், இடம், பருவம் மூன்றையும் பிசகாமல் சொன்ன மீனவரின் சாட்சியை, அவர்கள் படியாதவர்கள் என்பதற்காக ஓரங்கட்டியது சரியல்ல என்பதே என் எண்ணம்.

போர்க்காலத்தில் இரவில் வாவிக்குள் தோணி இறக்குவதே ஆபத்தாயிற்று. கேட்டுப் பழகிய காதுகள் பல அந்த ஆண்டுகளிலேயே மறைந்தன. 2013இல் பழைய பாலத்தருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. வாகன இரைச்சல் இரவிலும் ஓய்வதில்லை. கேட்க விரும்புவோர் கோடைப் பூரணையில், பாலத்தை விட்டு விலகி, எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்பின் ஒரு முனையை நீரில் ஊன்றி மறுமுனையைக் காதோடு சேர்க்க வேண்டும்.