தீட்டுப்படாத பந்து

இடக்கையை இழிகையாகக் கருதுவது தமிழர் வழக்கம். கொடுப்பதும் கொள்வதும் வலக்கையால் ஆகவேண்டும் எனப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பர். இத்தகைய எண்ணம் ஊறிய நாட்டில், பிறப்பாலும் தாழ்ந்தவர் என ஒதுக்கப்பட்ட ஒருவர், தம் இடக்கை ஒன்றையே துணையாகக் கொண்டு புகழின் உச்சியை எட்டினார். இந்தியக் கிரிக்கெட்டின் முதற்பெரும் பந்து வீச்சாளர் எனப் போற்றத்தக்க பல்வாங்கர் பாலுவே அவர்.

பாலு 1876-ஆம் ஆண்டு தார்வாரில், தோல் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்ட சமார் சமூகத்தில் பிறந்தார். தந்தை படைப்பிரிவில் பணியாற்றியவர். இளமையில் பாலு பூனாவில் பார்சியரின் ஆடுகளத்தைக் கூட்டிச் செப்பனிட்டு, மாதம் 3 ரூபாய் கூலி பெற்றார். 1892 அளவில் ஐரோப்பியரின் பூனா கிளப்பில் 4 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார். அங்கே துரைமார்க்கு வலைப்பயிற்சியில் பந்து வீசும் வாய்ப்புக் கிட்டியது. கிரெய்க் என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரர், பாலு தம்மை வீழ்த்தும்போதெல்லாம் எட்டணா அளித்தார் என்றொரு செவிவழிச் செய்தி உண்டு. எனினும் மட்டையைப் பிடிக்க அவரை எவரும் அழைத்ததில்லை. மட்டை பிடிப்பது துரைமார்க்கு; பந்து வீசுவது பணியாளர்க்கு.

ஐரோப்பியரை வெல்ல விரும்பிய பூனா இந்துக்கள், சாதியார் சிலரின் மறுப்பையும் மீறிப் பாலுவைத் தம் அணியில் சேர்த்தனர். களத்தில் அவர் தொட்ட பந்தை அனைவரும் தொட்டனர். தேநீர் வேளையிலோ, அவர் கூடத்திற்கு வெளியே நிற்க, எறிந்துவிடத்தக்க மண்கலத்தில் தேநீர் வழங்கப்பட்டது. பகலுணவும் தனித்தட்டில், தனியிடத்தில். பந்துக்கு இல்லாத தீட்டு கோப்பைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? அப்பந்தின் மேலுறையும் தோலே என்பதை அன்று எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பின்னர் பம்பாய் சென்ற பாலு, இந்து ஜிம்கானா அணிக்கு ஆடினார். 1906-இல் அவ்வணி ஐரோப்பியரை 109 ஓட்டங்களால் வென்றது. 1911-இல், பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற முதல் அனைத்திந்திய அணி பெரும்பாலும் தோல்வியே கண்டது. ஆயினும் பாலு மட்டும் 114 விக்கெட்டுகளைச் சாய்த்தார். இளைஞர் அம்பேத்கருக்கு அவர் ஆதர்ச வீரரானது வியப்பன்று.

இத்தனை திறமையிருந்தும் தலைமைப் பதவி மட்டும் அவருக்கு எட்டாக்கனியாகவே இருந்தது. 1920-இல் இவ்விழிவைப் பொறாத தம்பியர் சிவராமும் விட்டலும் அணியிலிருந்து விலகினர். அதன்பின் பாலு துணைத்தலைவரானார். தலைவர் எம். டி. பை வேண்டுமென்றே களத்தைவிட்டு நீங்க, சிறிது நேரம் பாலு அணியை நடத்தினார். அண்ணனுக்கு முழுமையாய் வாய்க்காத அத்தலைமை 1923-இல் தம்பி விட்டலுக்கு வாய்த்தது. அமெரிக்காவின் பெரும் பேஸ்பால் அணிகள் கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சனுக்கு இடமளித்தது 1947-இல் என்பதை நோக்க, அண்ணன் தம்பியரின் இவ்வெற்றி எளிதன்று என்பது விளங்கும்.

1932-இல் பூனா ஒப்பந்தத்தில், தமிழகத்தின் எம். சி. ராஜாவைப் போலவே பாலுவும் பங்குகொண்டார். 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரையே எதிர்த்து நின்று, ஏறத்தாழ 2000 வாக்குகளில் தோற்றார். தம்மை வியந்து போற்றிய இளைஞரே தமக்கு எதிரணியில் நின்றது காலத்தின் விந்தை. எனினும் விடுதலைக்கு எவ்வழி என்பதில்தான் இருவரும் வேறுபட்டனர். விடுதலை வேண்டும் என்பதில் அல்லர். 1955 சூலையில் பாலு மறைந்தார்.

தோளில் சீலை அணிவதற்கே 1859 வரை போராடிய மண் குமரி மண். 1936 பிரகடனத்தின் பின்னரே திருவிதாங்கூரின் அரசுக் கோயில்கள் தாழ்த்தப்பட்ட இந்துக்களுக்குத் திறந்தன. ஆகவே பாலுவின் மண்கலம் இம்மண்ணுக்குப் புதிதன்று. திறமையைக் கொண்டாடும் கைகளே மனிதனை ஒதுக்கியும் வைக்கும் என்பதை அக்கலம் உணர்த்துகிறது. ஒருவரின் ஆற்றலை ஏற்று அவரை ஏற்காத சமூகம், அவரிடம் கடன்பட்டதே அன்றி, அவருக்கு எதையும் அளித்ததன்று.