ஜி. சுப்பிரமணிய ஐயர்: உறுதிமொழிக்கு முன்னும் பின்னும்

தமிழ் எம்.ஏ. வகுப்பில் ஜி. சுப்பிரமணிய ஐயர் எனக்கு ஒற்றை வரியாகத்தான் வந்து சேர்ந்தார்: 1904இல் மதுரையில் தமிழாசிரியராக இருந்த பாரதியைச் சுதேசமித்திரனில் உதவியாசிரியராக்கியவர். அவ்வளவுதான். கவியை வாசலில் கொண்டுவந்து விட்டதும் அவர் சோலி முடிந்தது. இலக்கிய வரலாறு என்கிற கதையாடலில் பத்திரிகைக்காரனுக்குக் கிடைக்கிற இடம் இது.

முத்துசாமி ஐயர் உயர் நீதிமன்ற நீதிபதியானதை ஆங்கிலோ-இந்தியப் பத்திரிகைகள் தாக்கியபோது, 1878இல் நண்பர்கள் ஐவரோடு சேர்ந்து, கடன் வாங்கிய ஒன்றேமுக்கால் ரூபாயில் 80 பிரதிகள் அச்சிட்டு ஹிந்துவைத் தொடங்கியவர் அவர். 1885இல் காங்கிரசின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்ததும் அவர்தான். இதெல்லாம் ஆண்டு மலர்களில் கிடைக்கும். எனக்கு முக்கியம் 1882. அந்த ஆண்டு சுதேசமித்திரன் வார இதழாக வந்தது. 1898இல் ஹிந்துவிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டே மித்திரன் நாளிதழாயிற்று. வரி, பஞ்சம், தந்திச் செய்தி என்று நாள்தோறும் எழுதியாக வேண்டிய நெருக்கடியில் ஓர் உரைநடை உருவானது. பாரதியின் உரைநடைக்கும் அங்கேதான் பயிற்சி. அது யாருடைய தமிழ் என்று கேட்கத்தான் வேண்டும்: வடமொழி கலந்த, படித்த மேல்சாதித் தமிழ். ஆங்கில ஆட்சியின் பொருளாதாரச் சுரண்டல் பற்றிய தன் நூலையும் 1903இல் அவர் ஆங்கிலத்தில்தான் வெளியிட்டார். இந்தப் பிளவை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாடுவதில் அர்த்தமில்லை.

ஆனால் வேறொன்றும் இருக்கிறது. 1889இல், விதவையான தன் சிறுவயது மகளுக்குப் பம்பாயில் மறுமணம் செய்துவைத்தார். சீர்திருத்தத்தைத் தலையங்கத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் வீட்டுக்குள் கொண்டுபோனதற்குச் சொந்தச் சாதி அவரை ஒதுக்கியது. இதையும் நாம் தகப்பனின் தியாகமாகத்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். அந்தப் பெண் என்ன நினைத்தாள்? நம் வரலாற்றில் அவளுக்குப் பேச்சில்லை.

1908இல் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். அதே ஆண்டு வ.உ.சி. சிறைத் தண்டனை பெற்றார். பாரதி புதுச்சேரிக்குப் போனார். நோயாளியான ஐயர் நன்னடத்தை உறுதி கொடுத்து வெளியே வந்தார். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் 'எழுதிக் கொடுத்துட்டு வந்தவர்தானே' என்று நான் ஏளனமாகப் பேசினேன். பின்வரிசையில் இருந்த முதிய தோழர் ஒருவர் கேட்டார்: "தம்பி, நீ எத்தனை நாள் உள்ளே இருந்தே?" பதில் இல்லை என்னிடம்.

அந்த உறுதிமொழியை நியாயப்படுத்த நான் இதை எழுதவில்லை. முப்பது ஆண்டுப் பத்திரிகை வாழ்க்கையை அந்த ஒரு தாளால் மூடிவிட முடியுமா என்பதுதான் என் கேள்வி. 1916இல் தொழுநோயோடு அவர் இறந்தார். அவரை மதிப்பிட நாம் உட்காரும்போது அந்த 80 பிரதிகளும், பேசாத அந்த மகளும், உறுதிமொழித் தாளும் ஒரே மேசைமேல் இருக்கட்டும். ஒன்றை மட்டும் எடுத்துப் படிக்கிறவன் தன் வசதிக்குத்தான் படிக்கிறான். நானும் அப்படித்தான் படித்தேன்.