மேதையும் அப்போஸ்தலனும்

மனிதன் சிந்தித்துக் கண்ட ஞானம் ஒன்று. இறைவன் அருளிய ஞானம் மற்றொன்று. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? கிறிஸ்தவத்தின் இந்தப் பழைய கேள்வி, பத்தொன்பதாம் நூற்றாண்டு டென்மார்க்கில் ஒரு பாதிரியாரின் பதவியைப் பறித்தது. சோரன் கீர்க்ககார்ட் (1813–1855) என்னும் தத்துவ ஞானியின் முக்கியமான கட்டுரை ஒன்றுக்கும் அதுவே வித்தாயிற்று.

பாதிரியாரின் பெயர் அடால்ஃப் பீட்டர் அட்லர். பால்டிக் கடலிலுள்ள போர்ன்ஹோம் தீவில் ஊழியம் செய்தவர். ஜெர்மானியத் தத்துவ ஞானி ஹெகலைக் கரைத்துக் குடித்தவர். அவருடைய தர்க்கவியல் பற்றி 1842-இல் நூலும் வெளியிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இரவு, இயேசு தம்மிடம் சில வார்த்தைகளைச் சொல்லி எழுதச் செய்ததாகவும், முன்பு எழுதியவற்றை எரித்துவிட்டு இனி பைபிளையே பற்றிக்கொள்ளக் கட்டளையிட்டதாகவும் 1843-இல் அச்சேற்றினார். திருச்சபை அவரை 1844-இல் இடைநீக்கம் செய்து விசாரித்தது. 1845-இல் பதவியிலிருந்து விலக்கியது.

அட்லரைப் பற்றிக் கீர்க்ககார்ட் தனி நூலே எழுதினார். ஆனால் தம் வாழ்நாளில் அதை வெளியிடவில்லை. அதன் ஒரு பகுதியை மட்டும், அட்லரின் பெயரைச் சொல்லாமல், 1849-இல் 'மேதைக்கும் அப்போஸ்தலனுக்கும் உள்ள வேறுபாடு' என்ற கட்டுரையாகத் தந்தார்.

அதன் சாரம் இது: மேதை பிறவியால் மேதை. அவன் இன்று புதிதாகச் சொல்வதை நாளை உலகம் எட்டிப் பிடித்துவிடும். அப்போஸ்தலன் அழைப்பால் அப்போஸ்தலன். அவனுடைய திறமைக்கும் அழைப்புக்கும் தொடர்பில்லை. நடையழகுக்காகவும் சிந்தனை ஆழத்துக்காகவும் பவுலைப் புகழ்கிறவர், அவரைப் பிளேட்டோவுடனும் ஷேக்ஸ்பியருடனும் ஒரே வரிசையில் நிறுத்துகிறார். அந்த வரிசையில் பவுல் பின்தங்கிவிடுவார். அரசாணை அழகாக எழுதப்பட்டிருக்கிறது என்பதற்காகப் பணிகிறவன் அரசனுக்குப் பணியவில்லை, எழுத்துக்குத்தான் பணிகிறான். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுலே, உலக ஞானத்தின் கண்ணுக்குச் சிலுவை பைத்தியமாகத் தோன்றும் என்ற கருத்தைச் சொல்கிறார். அறிஞர் மெச்சும்படி அதை மாற்றியமைத்தால், அது அவர் சொன்ன செய்தியாக இராது.

அப்படியானால் 'கடவுள் சொன்னார்' என்று எவர் வந்து நின்றாலும் நம்பிவிடலாமா? அறிவால் அளக்கக்கூடாது என்றபின், உண்மை அழைப்பையும் மனமயக்கத்தையும் பிரிக்க எது அளவுகோல்? வாதத்தின் கடினமான இடம் இதுதான். அப்போஸ்தலனிடம் தன் வாக்கையும், அதற்காகத் துன்பம் ஏற்கும் துணிவையும் தவிர வேறு சான்று இல்லை என்பதைக் கீர்க்ககார்டே ஒப்புக்கொள்கிறார். அட்லரிடம் அவர் கண்ட குறையும் இதையொட்டியதே. வெளிப்பாடு பெற்றதாக அறிவித்தவர், விசாரணையில் அச்சொல்லின் கனத்தைத் தாமே குறைத்துக்கொண்டார். ஹெகலை எரித்தவர் ஹெகலின் குழப்பத்திலிருந்து வெளியேறவில்லை.

ஆனால் துன்பம் ஏற்பது ஒருவரின் உறுதியைக் காட்டலாமே தவிர, அவர் சொல்வது உண்மை என்பதை நிறுவாது. தவறான கொள்கைக்காக உயிர்விட்டவர்களும் உண்டு. ஆகவே இது போலிகளில் சிலரை விலக்க உதவும். மெய்யானவரை அடையாளம் காட்டாது. மீதியை ஆராய்ச்சி முடித்து வைக்காது, விசுவாசமே தீர்மானிக்கவேண்டும் என்பது அவர் நிலை.

இந்த அளவுகோலை அவர் தம் நாட்டுத் திருச்சபை மீதும் வைத்தார். மறைந்த பேராயர் மின்ஸ்டரை 'சத்தியத்தின் சாட்சி' என்று மார்ட்டென்சன் புகழ்ந்தபோது, வசதியாக வாழ்ந்தவர் எப்படிச் சாட்சியாவார் என்று 1854 டிசம்பரில் பகிரங்கமாகக் கேட்டார். தமக்கோ அதிகாரம் எதுவும் இல்லை என்று கடைசிவரை சொல்லிவந்தார். 1855-இல் கோபன்ஹேகன் மருத்துவமனையில் இறக்கும் தறுவாயில், அரசு ஊழியரான பாதிரியார் கையால் நற்கருணை வாங்க மறுத்துவிட்டார்.